விழிதியூரில் நான் கல்யாணத் தரகர்

விழிதியூரில் நான் கல்யாணத் தரகர். கோட்டுச்சேரிமேட்டில் சேலை விற்பவள். வரிச்சிக்குடியில் இன்சூரன்ஸ்காரி. மூன்றுமே பொய். மாதாமாதம் எச்.ஐ.வி. மாத்திரை வாங்க வர வேண்டியவர்கள் தேதியைத் தவறவிட்டால், வீடு தேடிப் போய், என்ன ஏது என்று கேட்டு, கையோடு அழைத்து வருவதுதான் என் வேலை. களப்பணியாளர் என்று அடையாள அட்டையில் போட்டிருக்கும். அந்த அட்டையை நான் கழுத்தில் மாட்டியதே கிடையாது. மாட்டிக்கொண்டு ஒரு தெருவுக்குள் நுழைந்தால், நான் எந்த வாசலில் வண்டியை நிறுத்துகிறேனோ அந்த வீட்டின் மானம் அன்றோடு போயிற்று.

அதனால் புதிதாகச் சேர்கிற ஒவ்வொருவரையும் தனியாகக் கூப்பிட்டு ஒரு கேள்வி கேட்டு வைத்துக்கொள்வேன். "உங்க வீட்டுக்கு வர்ற மாதிரி ஆச்சுன்னா, நான் யாரா வரணும்?" சிலர் பட்டென்று சொல்லிவிடுவார்கள். சிலர் அடுத்த மாதம் வரைக்கும் யோசிப்பார்கள். கோட்டுச்சேரிமேட்டுப் பெண் ஒருத்தி, "சேலைக்காரியா வாங்கக்கா, எங்க தெருவுக்கு வாரத்துக்கு ஒருத்தி வருவா, யாரும் கண்டுக்க மாட்டாங்க" என்றாள். நல்ல யோசனைதான். ஆனால் சேலைப் பையோடு போனால் அக்கம்பக்கத்துக்காரிகள் சும்மா விடுவார்களா? பிரித்துக் காட்டு என்றார்கள். இந்த நீலத்தில் வேறு பார்டர் உண்டா என்றார்கள். நான் கட்ட வைத்திருந்த சேலைகளில் இரண்டு அப்படித்தான் கைவிட்டுப் போயின.

எனக்கு ஓரிடத்தில் உட்கார்ந்தால் ஆகாது. உட்கார்ந்தால் யோசனை வரும், யோசனை வந்தால் கோபம் வரும். "உன் காலுல என்ன சக்கரமா கட்டியிருக்கு?" என்று, வருகிறவர்களுக்கு ஆலோசனை சொல்லும் எங்கள் கவுன்சிலர் அம்மா கேட்பார். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். அதட்டிப் பேசுவார், ஆனால் மாத்திரை கொடுக்கும் எங்கள் மையத்துக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் டாக்டரைவிட அவரைப் பார்க்கத்தான் வருகிறார்கள். நானும் அப்படி வந்தவள்தான். நான் சாப்பிடுவதும் அதே மாத்திரைதான். கணவர் வழியாக வந்தது. அவர் போய்ச் சேர்ந்து பத்தொன்பது வருஷம் ஆகிறது.

மையத்தில் காலையில் போய்ப் பார்த்தால் வெளியூர்க்காரர்களுக்குச் சிரிப்பு வரும். பெஞ்சு நிறைய ஹெல்மெட் போட்ட ஆட்கள் உட்கார்ந்திருப்பார்கள். எங்கள் ஊரில் ரோட்டில் ஹெல்மெட் போடச் சொன்னால் ஆயிரம் காரணம் சொல்லுகிற ஆண்கள், இங்கே வந்து மின்விசிறிக்கு அடியில் ஹெல்மெட்டோடு உட்கார்ந்து வியர்த்து வழிவார்கள். பெண்கள் துப்பட்டாவைக் கண்ணுக்கு மேல் வரை சுற்றியிருப்பார்கள். நாகப்பட்டினத்து ஆட்கள் நம்மை யாருக்குத் தெரியும் என்று இங்கே வருவார்கள். எங்கள் ஆட்களோ அதே நினைப்பில் பஸ் ஏறி அங்கே போவார்கள். ஒரு நாள் ஒரு ஹெல்மெட் இன்னொரு ஹெல்மெட்டிடம் மணி கேட்டது, குரலை வைத்து இருவரும் மாமன் மச்சான் என்று தெரிந்துபோயிற்று. அதற்கப்புறம் ஆளுக்கொரு மூலையில் போய் உட்கார்ந்துகொண்டார்கள்.

விழிதியூர்த் தம்பி அந்த ஹெல்மெட்டுகளில் ஒருவன். இருபத்தொன்பது வயது, ஏ.சி. மெக்கானிக். துபாய்க்குப் போவதற்காக எடுத்த மருத்துவப் பரிசோதனையில்தான் அவனுக்கு விஷயம் தெரிந்தது. விசா வரவில்லை என்று வீட்டில் சொல்லிவிட்டு, மறு வாரமே எங்களிடம் வந்து சேர்ந்துவிட்டான். மூன்று வருஷத்தில் ஒரு நாள் மாத்திரையைத் தவறவிட்டதில்லை. காலையில் பல் தேய்த்ததும் மாத்திரை, அப்புறம்தான் டீ. அப்படிப்பட்ட பிள்ளை. "வீட்டுக்கு நீங்க வரவே வேணாங்கக்கா, போன் பண்ணுங்க, நான் ஓடி வந்துர்றேன்" என்று சொல்லியிருந்தான். நானும் சரி என்று விட்டுவிட்டேன்.

போன சித்திரையில் கோடை வேலை தலைக்கு மேல் இருந்ததோ என்னவோ, தேதிக்கு வரவில்லை. போனையும் எடுக்கவில்லை. இரண்டு நாள் பார்த்தேன். மூன்றாம் நாள் காலையில் வண்டியை எடுத்துவிட்டேன். யாராகப் போவது என்றுகூடத் தீர்மானிக்கவில்லை, ஏ.சி. ரிப்பேர் என்று ஏதாவது சொல்லிச் சமாளித்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். வாசலில் அவன் அம்மா நெல் அவித்துக் காயப் போட்டுக்கொண்டிருந்தார். "யாரும்மா?" என்று அவர் கேட்டு முடிப்பதற்குள், உள்ளேயிருந்து சட்டைகூடப் போடாமல் ஓடி வந்தவன் என்னைப் பார்த்தான். முகம் வெளிறிவிட்டது.

"தரகரும்மா. கல்யாணத் தரகர். நான்தான் வரச் சொன்னேன்" என்றான்.

அடப் பாவி! அத்தனை வேஷம் இருக்க, இவனுக்கு இதுதானா கிடைத்தது? அப்புறம் கேட்டதற்கு, அம்மா அந்த நிமிஷம் கல்யாணப் பேச்சைத்தான் பேசிக்கொண்டிருந்தாராம், வாயில் அதுவே வந்துவிட்டதாம். மாத்திரை தீர இன்னும் இரண்டு நாள் இருந்ததாம், போன் தண்ணீரில் விழுந்துவிட்டதாம். இத்தனைக்கும் விளக்கம் வைத்திருந்தான். ஆனால் அவன் அம்மா முகத்தில் அன்றைக்கு வந்த சந்தோஷத்துக்கு நான் என்ன விளக்கம் சொல்ல முடியும்? நெல் துழாவிய கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு, என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "வாம்மா தங்கச்சி. நானே யாரக் கேக்குறதுன்னு தெரியாம கெடந்தேன். அவரு போயி பதினாறு வருசம், ஆம்பள இல்லாத வீடு. எங்களுக்குன்னு முன்ன நின்னு பேச யாரு இருக்கா?" என்றார். பத்து நிமிஷத்தில் காபி வந்தது, ஜாதகத்தின் ஜெராக்ஸ் வந்தது, அவன் கோயில் திருவிழாவில் எடுத்துக்கொண்ட போட்டோவும் வந்தது. எல்லாவற்றையும் சேலைப் பையில் போட்டுக்கொண்டு வெளியே வந்தேன்.

அன்றிலிருந்து பிடித்தது சனி. காலை ஆறு மணிக்கு, என்னைத் தங்கச்சி என்ற அந்த அக்காவின் போன் வரும். "ஏதாச்சும் தோதா வந்துச்சாம்மா?" நான், "பார்த்துக்கிட்டே இருக்கேங்க்கா" என்பேன். "பொண்ணு கலரா இருக்கணும்னு இல்ல. என்னைய ஒரு வாய் சோறு போட்டுப் பாத்துக்கிட்டாப் போதும்" என்பார். இன்னொரு நாள், "சோறுகூட நானே வடிச்சிக்கிறேன், அவனுக்குத் துணையா இருந்தாப் போதும்" என்பார். நாளுக்கு நாள் அவர் கேட்பது குறைந்துகொண்டே வந்தது. நான் பெண் தேடவில்லை என்பது அவருக்குத் தெரியாது. நான் எதைச் சொல்லிப் பெண் தேடுவேன்?

ஆனி பிறந்ததும் அவரே ஒரு பெண்ணைக் கண்டுபிடித்துவிட்டார். தூரத்துச் சொந்தம் ஒன்று சொன்னதாம். வரிச்சிக்குடிப் பெண், தனியார் பள்ளிக்கூடம் ஒன்றில் ஆபீஸ் வேலை, சொந்தமாக ஸ்கூட்டி ஓட்டும். ஜாதகமும் பொருந்திவிட்டது. "ஆடி பொறக்குறதுக்குள்ள பொண்ணப் பாத்துரணும். ஆவணியில நிச்சயம் வச்சுக்கலாம். நீ கூட வந்து நடுவுல நின்னு பேசணும், தங்கச்சி. நானே போயி நானே பேசுனா எடுப்பா இருக்காது. தரகர் ஒருத்தர் நம்ம பக்கம் இருந்தாத்தான் மதிப்பாங்க" என்றார்.

அன்றைக்கே அவனை மையத்துக்கு வரச் சொன்னேன். பின்பக்கம், வண்டிகள் நிறுத்துகிற வேப்பமரத்தடியில் நிறுத்தி வைத்துக் கேட்டேன்.

"அந்தப் பொண்ணுகிட்ட எப்ப சொல்லப் போற?"

"எதுக்குக்கா சொல்லணும்?" என்றான். விறைத்துக்கொண்டு சொல்லவில்லை, நிஜமாகவே கேட்டான். "என் வைரல் லோடு ரிப்போர்ட்ட நீங்களே பாத்தீங்க. வைரஸ் தெரியலன்னு வந்திருக்கு. ஒழுங்கா மாத்திரை சாப்புடுற வரைக்கும் என்னால பொண்டாட்டிக்கு ஒட்டாதுன்னு டாக்டரே சொல்லிட்டாரு. பொறக்குற புள்ளைக்கும் ஒண்ணும் வராது. அப்புறம் என்னா?"

அவன் சொன்னதில் ஒரு எழுத்துப் பிழை கிடையாது. மருத்துவம் இன்றைக்கு அந்த இடத்துக்கு வந்துவிட்டது. அதை வீடு வீடாகப் போய்ச் சொல்லிக் கொடுக்கிறவளே நான்தான். ஆனால் அவன் வாயால் கேட்டபோது எனக்குச் சுள்ளென்று ஏறிற்று.

"ஒட்டாதுங்கிறத அவ தெரிஞ்சுக்கிட்டு, அவ சரின்னு சொல்லட்டும். அவளுக்காக நீ சரின்னு சொல்றதுக்கு நீ யாரு?"

"சொன்னா யாருக்கா வருவா?"

அவனே தொடர்ந்தான். "நீங்க என் பக்கமாக்கா, பொண்ணு வீட்டுப் பக்கமா?"

"கண்ணா, நான்…" என்று ஆரம்பித்தேன். வேப்பம்பழம் விழுந்து விழுந்து அவன் வண்டி சீட்டெல்லாம் பிசுக்காகியிருந்தது. அதைத் துடைப்பதுபோல நின்றுகொண்டேன். கடைசியில், "பொண்ணு பாக்குறதுக்கு முன்ன சொல்லிடுறேங்க்கா. அம்மா மேல சத்தியம்" என்றான்.

கவுன்சிலர் அம்மாவிடம் போய்ப் பொருமினேன். அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு நிதானமாகச் சொன்னார். "அவன் சம்மதம் இல்லாம அவன் விஷயம் உன் வாயிலேருந்து வரக்கூடாது. சட்டமும் அதான், நாம அவனுக்குக் குடுத்த வாக்கும் அதான். ஒருத்தர் விஷயம் வெளிய போச்சுன்னா, நாளைக்கு இந்தப் பெஞ்சுல ஒருத்தர் உக்கார மாட்டாங்க. ரெண்டு பேரையும் சேர்த்துக் கூட்டிக்கிட்டு வரச் சொல்லு. அவன்தான் கூட்டிக்கிட்டு வரணும்." எனக்கு இது தெரியாதா? புதிதாக வருகிறவர்களுக்கு இதை ஒப்பிக்கிறவளே நான்தானே.

அந்த மூன்று வாரமும் நான் வீட்டில் இருந்ததாகவே நினைவில்லை. உலையில் அரிசியைப் போட்டுவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவேன், பாதி வழியில் அடுப்பு நினைவு வந்து திரும்புவேன். தேவையே இல்லாமல் கடற்கரை வரைக்கும் போய், இறங்காமலே திரும்பி வந்தேன். அவனுக்கு ஒரு நாளைக்கு இரண்டு போன். "சொல்லிட்டியா?" "இன்னும் பாக்கவே இல்லியேக்கா." "நம்பர் இருக்குல்ல?" "எடுத்த எடுப்புல போன்ல எப்படிக்கா?" சொல்வான் என்றும் தோன்றியது, சொல்லமாட்டான் என்றும் தோன்றியது. பார்த்தேயிராத அந்தப் பெண்ணின் முகத்துக்குப் பதிலாக இருபத்திரண்டு வயதில் நான் எப்படி இருந்தேனோ அந்த முகம்தான் கண்ணுக்குள் வந்து நின்றது. எனக்கு அவன்மேல் இருந்த கோபம் அவன்மேல் மட்டும் இருந்த கோபமில்லை.

ஆனியின் கடைசி ஞாயிற்றுக்கிழமை, ஒரு ஆட்டோவில் நாங்கள் மூன்று பேரும் வரிச்சிக்குடிக்குப் போனோம். அவன் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் ஓரமாக ஒடுங்கி உட்கார்ந்திருந்தான். அவன் அம்மா தட்டில் பழம், வெற்றிலை, பூ எல்லாம் வைத்து மடியில் அணைத்துப் பிடித்திருந்தார். நான் அவனைப் பார்த்தேன். அவன் வெளியே வயலைப் பார்த்தான். குறுவை நாற்றங்கால் பச்சைப் பசேலென்று இருந்தது. சொல்லவில்லை என்று தெரிந்துவிட்டது.

நல்ல மனிதர்கள். வாசலிலேயே வந்து கூப்பிட்டார்கள். பெண்ணுக்கு அப்பா இருந்தும் பேசியதெல்லாம் தாய்மாமன்தான். ரவா லட்டும் காராபூந்தியும் வந்தன. மாப்பிள்ளையைப் பார்க்கப் பக்கத்து வீட்டுப் பெண்கள் நாலைந்து பேர் கூடத்தில் நின்றார்கள். அதில் ஒருத்தி என்னையே உற்றுப் பார்த்துவிட்டு, "இவங்க இன்சூரன்ஸ் அக்கால்ல?" என்றாள்.

போச்சு. வாயிலிருந்த காராபூந்தியை விழுங்கிக்கொண்டேன். "ஆமாம்மா, அதுவும் பண்றேன், இதுவும் பண்றேன். ஒத்த வேலையில இப்ப எங்க காலம் ஓடுது?" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். அப்போதுதான் பெண் காபித் தட்டோடு வந்தாள். அவள் சிரிக்கவில்லை. எனக்குக் காபி கொடுக்கும்போது ஒரு நொடி அதிகமாக என் முகத்தைப் பார்த்தாள். கூர்மையான கண்.

பேச்சு நன்றாகத்தான் போயிற்று. அவனும் கேட்டதற்கெல்லாம் தலை நிமிர்ந்து பதில் சொன்னான். அவன் அம்மா முகம் பூரித்துப்போயிருந்தது. அப்புறம் அந்தத் தாய்மாமன் நாற்காலியை என் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டார்.

"எல்லாம் சரிதாங்கம்மா. நீங்க பழகுனவங்க, நாலு இடம் பாத்தவங்க. நீங்க சொல்லுங்க. பையன் எப்படி?"

கூடம் முழுக்க என்னைப் பார்த்தது. அந்த அக்கா, சொல்லு தங்கச்சி என்பதுபோலத் தலையை ஆட்டினார்.

இதே கேள்வியை எங்கள் வீட்டுக் கூடத்தில் என் அப்பா கேட்டார். அன்றைக்கும் ஒரு தரகர் அம்மாள் உட்கார்ந்திருந்தாள். வெற்றிலையை ஒரு பக்கமாக ஒதுக்கிக்கொண்டு, "தங்கமான பையன்" என்றாள். "ஒரு கெட்ட பழக்கம் கிடையாது. கண்ண மூடிக்கிட்டுக் குடுக்கலாம்." அவளுக்குத் தெரியும். என் மாமியாருக்குத் தெரியும். என்னைக் கட்டிக்கொண்டவருக்கும் தெரியும். அந்தக் கூடத்தில் தெரியாதவர்கள் நாங்கள் மட்டும்தான். மூன்று வருஷம் கழித்து ஆஸ்பத்திரியில் அவருக்குப் பக்கத்தில் என்னை நிற்க வைத்து ரத்தம் எடுத்தபோதுதான் எனக்கே தெரிந்தது. அப்போது இன்றைக்கு இருப்பதுபோல மாத்திரையெல்லாம் எளிதில் கிடைக்கிற காலமில்லை. அவர் முகத்தை நான் மறந்துவிட்டேன், ஆனால் அந்தத் தரகர் அம்மாளின் வெற்றிலை வாய் இன்னும் அப்படியே இருக்கிறது.

இங்கே உட்கார்ந்திருந்த பையன் நிஜமாகவே நல்ல பையன். அதுதான் கொடுமை. அந்த இரண்டு வார்த்தையை நான் சொன்னால் பொய்கூட இல்லை.

"என் கையால நடக்குற சம்பந்தத்துல ஒரு வழக்கம் வச்சிருக்கேங்க" என்றேன். அந்த நொடி வரைக்கும் அப்படி ஒரு வழக்கம் உலகத்திலேயே கிடையாது. "நிச்சயத்துக்கு முன்ன பொண்ணு, மாப்பிள்ள ரெண்டு பேரும் முழு ரத்தப் பரிசோதன பண்ணிக்கணும். எல்லா டெஸ்ட்டும். ரிப்போர்ட்ட ரெண்டு பேரும் மாத்திப் பாத்துக்கணும். யாரா இருந்தாலும் அப்படித்தான். இந்தக் காலத்துல அதுதான் நல்லது."

கூடத்தில் யாரோ காபி டம்ளரைக் கீழே வைக்கிற சத்தம் கேட்டது. தாய்மாமனின் முகம் கறுத்துவிட்டது. "எங்க பொண்ணுக்கு என்னம்மா குற? டெஸ்ட் எடுத்துப் பாத்துத்தான் கட்டுவீங்களோ?" என்றார். நான், "ரெண்டு பேருக்கும்னுதாங்க சொன்னேன்" என்றேன். "நாங்க பையனப் பத்தி ஒரு வார்த்த கேட்டோம். நீங்க எங்கயோ போறீங்க" என்றார். பெண்ணின் அப்பா எழுந்து வாசல் பக்கம் போய்விட்டார். அவன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான், காதெல்லாம் சிவந்திருந்தது. பெண் மட்டும் கதவோரம் நின்று அவனையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். போனில் சொல்லி அனுப்புகிறோம் என்று எங்களை அனுப்பி வைத்தார்கள்.

ஆட்டோவில் ஏறியதும் அந்த அக்கா வெடித்துவிட்டார். "நீயெல்லாம் ஒரு தரகரா? ஒரே ஒரு வார்த்த எம்புள்ளையப் பத்தி நல்லதாச் சொல்ல உனக்கு வாய் வரல. ஆம்பள இல்லாத வீடுன்னுதானே உன்னையக் கூட்டிக்கிட்டு வந்தேன்? நீயே எங்கள நடுக்கூடத்துல வச்சு அசிங்கப்படுத்திட்டியே! இனிமே எங்க வாசப்படி மிதிக்காத." தட்டில் மிச்சமிருந்த பூவை முந்தானையில் சுற்றிக்கொண்டு அழுதார். அக்கா, உங்கள் பிள்ளை நல்லவன்தான் என்று சொல்ல வாய் துடித்தது. அதைச் சொல்ல வேண்டிய இடம் முடிந்துபோயிருந்தது. பஸ் ஸ்டாண்டு பக்கம் இறங்கிக்கொண்டேன். இறங்கும்போது அவன் முதல் தடவையாக வாயைத் திறந்தான்.

"சொல்லிட்டீங்கள்லக்கா."

"நான் ஒண்ணும் சொல்லல."

"சொல்லிட்டீங்க" என்றான் மறுபடியும். ஆட்டோ போய்விட்டது.

மறுநாள் நானே போய்க் கவுன்சிலர் அம்மாவிடம் ஒன்றுவிடாமல் சொன்னேன். திட்டினார். "நோய்ப் பேரச் சொல்லல, சரி. ஆனா அவன் எப்படின்னு கேட்டதுக்கு நீ ரத்தப் பரிசோதனன்னு பதில் சொன்ன. கேக்குறவங்களுக்குப் புத்தி இல்லையா?" என்றார். "ரெண்டு பேருக்கும்னுதான் சொன்னேன்" என்றேன். "மனசத் தொட்டுச் சொல்லு. ரெண்டு பேருக்கும்தான் சொன்னியா?" என்று கேட்டார். கொஞ்ச நாளைக்கு வீடுகளுக்குப் போக வேண்டாம், பதிவு மேஜையில் உட்கார் என்று சொல்லிவிட்டார். என்னைப் பார்த்து, உட்கார் என்று!

ஆடி முழுக்க உட்கார்ந்தேன். டோக்கன் கொடுத்தேன், எடை பார்த்தேன், வாசலையே பார்த்தேன். அவன் போன் அணைந்தே கிடந்தது. அவன் மாத்திரை வாங்க வேண்டிய தேதி ஒரு வியாழக்கிழமை. வரவில்லை. வெள்ளிக்கிழமையும் வரவில்லை. மூன்று வருஷம் ஒரு நாள் தவறாமல் மாத்திரை விழுங்கியவனை, என் பழைய கோபத்தைத் தீர்த்துக்கொள்ளப் போய், நானே மாத்திரையிலிருந்து விரட்டிவிட்டேனா? நிறுத்தினால் அந்த வைரஸ் மறுபடி தலை தூக்கும், அவன் மெலிவான், இருமுவான். அது எப்படி முடியும் என்று ஒரு ஆஸ்பத்திரிக் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று நான் பார்த்திருக்கிறேன். வீட்டுக்குப் போகவும் முடியாது. விழிதியூரில் இனி எனக்கு எந்த வேஷமும் மிச்சமில்லை. சாமியிடம், அவளுக்குத் தெரியவே வேண்டாம், இவன் வந்தால் போதும் என்றுகூட ஒரு தடவை வேண்டிக்கொண்டேன். வேண்டிய அடுத்த நிமிஷம் என்மேலேயே எனக்கு வெறுப்பாக இருந்தது.

சனிக்கிழமை பத்து மணிக்கு இரண்டு ஹெல்மெட்டுகள் உள்ளே வந்தன. ஒன்று அவன். நடையை வைத்தே தெரிந்தது. நான் எழுந்தே நின்றுவிட்டேன். பக்கத்தில் வந்த இன்னொரு ஹெல்மெட் பெஞ்சில் உட்கார்ந்தது, தாடைப் பட்டையை அவிழ்த்தது, கழற்றி மடியில் வைத்துக்கொண்டு முடியைச் சரிசெய்துகொண்டது. வரிச்சிக்குடிப் பெண். எங்கள் பெஞ்சில் யாரும் அப்படிக் கழற்றியதே இல்லை. மற்ற ஹெல்மெட்டுகள் எல்லாம் ஒரே சமயத்தில் அவள் பக்கம் திரும்பின.

இருவரும் கவுன்சிலர் அம்மாவின் அறைக்குள் போனார்கள். கதவு சாத்தப்பட்டது. ஒரு மணி நேரம் ஆயிற்று. நான் அதற்குள் ஒரே ஆளுக்கு இரண்டு தடவை எடை பார்த்தேன். அவன் மாத்திரை வாங்க ஜன்னலுக்குப் போனபோது, அவள் நேராக என் மேஜைக்கு வந்தாள்.

"என்னம்மா முடிவு?" என்று கேட்டுவிட்டேன். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க எனக்கு எப்போது தெரிந்தது?

"முடிவா? ஒண்ணும் எடுக்கலக்கா. பயமா இருக்கு" என்றாள். "நீங்க போன அன்னைக்கே நான்தான் அவருக்குப் போன் பண்ணேன். தரகரம்மா ஏன் அப்படிச் சொன்னாங்கன்னு கேட்டேன். வச்சிட்டாரு. போனையும் ஆஃப் பண்ணிட்டாரு. அப்புறம் போன வாரம் அவரே கூப்புட்டு பீச்சுக்கு வரச் சொன்னாரு. அரை மணி நேரம் கடலையே பாத்துக்கிட்டு இருந்தாரு. அப்புறம் சொன்னாரு. சொல்லிட்டு, வேணாம்னா வேணாம்னு சொல்லிடுங்க, யார்கிட்டயும் மட்டும் சொல்லிடாதீங்கன்னு அழுதாரு. வீட்ல நான் யோசிக்கணும்னு சொல்லியிருக்கேன். காரணம் சொல்லல. சொல்லவும் மாட்டேன்." இன்றைக்கு அவள் லீவு போட முடிகிற நாள் என்பதால்தான் அவன் இரண்டு நாள் தள்ளி வந்தானாம். கையில் இரண்டு நாள் மாத்திரை மிச்சம் இருந்ததாம். எனக்கு அங்கேயே உட்கார்ந்து அழ வேண்டும்போல இருந்தது.

"நீங்க தரகரும் இல்ல, இன்சூரன்சும் இல்ல" என்றாள்.

"இல்லம்மா."

"அன்னைக்கே தோணுச்சுக்கா. எனக்கு இதோட ஆறு எடம் வந்து பாத்துட்டுப் போயிருக்காங்க. தரகர்னா மாமா கேக்குறதுக்கு முன்னாடியே ஆரம்பிச்சிருவாங்க. நீங்க கேட்டும் சொல்லல. உங்களுக்குக் கண்ணெல்லாம் கலங்கிப்போச்சு." கொஞ்சம் நிறுத்தினாள். என் மேஜையில், தண்ணீர் பாட்டிலுக்குப் பின்னால் நான் மறைக்காமல் வைத்திருக்கும் மாத்திரை டப்பாவைப் பார்த்தாள். உள்ளே கவுன்சிலர் அம்மா அதே டப்பாவைத்தான் அவளுக்குக் காட்டியிருப்பார். குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டாள்.

"உங்களுக்கு முன்னாடியே யாராச்சும் சொன்னாங்களாக்கா?"

இருபத்திரண்டு வருஷத்தில் என்னிடம் இதை யாரும் கேட்டதில்லை. எப்படி வந்தது என்று கேட்டிருக்கிறார்கள். எப்போது தெரிந்தது என்று கேட்டிருக்கிறார்கள். டாக்டர் கேட்டிருக்கிறார், கூடப்பிறந்தவர்கள் கேட்டிருக்கிறார்கள், படிவத்தில்கூடக் கேட்டிருக்கிறார்கள்.

"இல்லம்மா" என்றேன். "தங்கமான பையன்னுதான் சொன்னாங்க."

அவள் ஹெல்மெட்டை மேஜைமேல் வைத்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவன் மாத்திரை வாங்கிக்கொண்டு வரும்வரை விடவில்லை. அதுவரைக்கும் நானும் எங்கேயும் எழுந்து போகவில்லை.